கோனார் தொழுவத்துக்கு வடக்கு

என் பத்திரிகையை யாரும் வாசிப்பதில்லை. அதனால்தான் பேங்க்காரர்கள் என்னைத் தேடி வருகிறார்கள்.

வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கியவன் கட்டாமல் போனால் அந்த வீட்டை ஏலம் விடலாம். விடுவதற்கு முன் ஊரறியச் சொல்ல வேண்டும். ஊரறியச் சொல்வதென்றால் இரண்டு பத்திரிகையில் போட வேண்டும், ஒன்று இங்கிலீஷ், மற்றது உள்ளூர்ப் பாஷை. பெரிய பத்திரிகையில் போட்டால் செலவு, அதோடு நாலு பேர் வாசித்துவிட்டு வந்து நிற்பார்கள். என்னுடைய 'மஞ்சக்கரை தூதன்' என்றால் செலவும் குறைவு, வாசிக்கவும் ஆளில்லை. சட்டத்துக்குச் சொன்ன மாதிரியும் ஆகும், ஊருக்குச் சொல்லாத மாதிரியும் ஆகும். அச்சாகிற தாளில் ஒன்று பேங்குக்கு, ஒன்று வக்கீலுக்கு, ஒன்று நூலகத்துக்கு, மிச்சமெல்லாம் வடைக்கடைக்கு.

ஏன் நடந்தது என்று கேட்கிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். எனக்குத் தெரியாது. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஏல அறிவிப்பில் வீட்டுக்கு அடையாளம் சொல்லக் கதவு எண் போதாது. நம் பக்கத்தில் வீடு என்பது நாலு பேருக்கு நடுவில் இருப்பது. இன்னாருக்குத் தெற்கு, இன்னாருக்கு வடக்கு, இன்னாருக்குக் கிழக்கு, இன்னாருக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்குள் பட்டது என்று எழுதினால்தான் அது வீடு. பத்திரம் எழுதுகிறவன் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுவான், அந்தப் பழையதை எழுதியவன் அதற்கும் பழையதைப் பார்த்து எழுதியிருப்பான், இப்படியே ஆள் செத்து, தோட்டம் அழிந்து, தொழுவம் இடிந்து, அங்கே வேறு எவனோ மாடி கட்டி வாடகைக்கு விட்ட பிறகும் பத்திரத்தில் மட்டும் அந்த ஆள் சாகாமல், தோட்டம் வாடாமல், தொழுவத்து மாடு கன்று போட்டபடி இருக்கும். யாரும் திருத்துவதில்லை. திருத்தினால் எல்லைத் தகராறு வரும் என்று பயம்.

கீழத்தெருவில் பவுனம்மாள் மாவு மில் வைத்திருந்தாள். முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு, இரண்டும் அவள் பேரில். புருஷன் இசக்கிமுத்து மிஷினை ஓட்டுவான், இவள் எடை போடுவாள். மிளகாய் அரைக்கப் புதிதாக ஒரு மிஷின் வாங்கலாம் என்று வீட்டை ஈடு வைத்தார்கள். மிஷின் வந்து இறங்கிய பிறகு ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பாக்கெட் மிளகாய்த்தூளுக்கு மாறினார்கள். அவ்வளவுதான். இதில் எவனும் கெட்டவனில்லை. யாரைப் போய்த் திட்டுவது?

அறிவிப்பு என் மேஜைக்கு வந்தது. 'பொதுமக்களுக்கும் குறிப்பாகக் கடன்தாரருக்கும் இதன்மூலம் அறிவிப்பது யாதெனில்' என்று தொடங்கி, 'உள்ளது உள்ளபடி, இருப்பது இருந்தபடி' என்று இழுத்து, கடைசியில் சொத்து விவரம். வேலாயுத ஆசாரி மனைக்குத் தெற்கு, செல்லக்கண்ணு கோனார் தொழுவத்துக்கு வடக்கு, கனி ராவுத்தர் முருங்கைத் தோட்டத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு. எழுத்துப் பிழை பார்த்தேன். போட்டேன்.

பத்திரிகை வெளியான அன்று விடிந்ததும் பவுனு வாசல் தெளிக்க வந்தாள். வடக்குச் சுவரோரம், செல்போன் கடைக்காரன் குப்பை கொட்டுகிற இடத்தில், காதில் பென்சில் சொருகிய ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு?" என்றாள்.

"வடக்கு" என்றார் வேலாயுத ஆசாரி.

மேற்கே, கல்யாண மண்டபத்துக்காரர்கள் வண்டி நிறுத்துகிற பொட்டலில், கட்டம் போட்ட கைலியும் வெள்ளைத் தொப்பியுமாகக் கனி ராவுத்தர் நின்றார். தெற்கே, மில் சுவருக்கும் மாடத்தி வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருச்சாய்த்துப் போகிற சந்தில், தோளில் துண்டோடு செல்லக்கண்ணு கோனார் நின்றார். சாணி வாசமும் வைக்கோல் வாசமும் அவரோடு வந்திருந்தன. கிழக்கே ஆளில்லை. ஆளுக்குப் பதில் தெரு வந்திருந்தது. மில்லின் வாசல் நீளத்துக்கு மட்டும் தார் ரோடு போய், சக்கரத் தடம் பதிந்த புழுதிப் பாதை கிடந்தது. காலை டவுன் பஸ் அந்த இடத்தில் வண்டி மாடு போல ஆடி இறங்கி, மறுபடி ஏறிப் போனது.

மூன்று பேரும் செத்து எத்தனையோ காலம். ஆவி, புகை, கால் தரையில் படாமை, அதெல்லாம் இல்லை. கால் தரையில்தான் பட்டது. வெயில் ஏறினால் வியர்த்தது. எல்லைக் கோட்டை விட்டு ஓரடி இப்படி அப்படி நகரமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் முதலில் பயந்தது. பயப்படுவதற்கு அவர்கள் ஒன்றும் செய்யாததால் பயம் மத்தியானத்துக்குள் அலுத்துப் போனது. சாயங்காலம் யாரோ வெயிலுக்குக் குடை கொண்டுவந்து கொடுத்தார்கள். போலீஸ் வந்து பார்த்துவிட்டு, புகார் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டது, இல்லை என்றதும் டீ குடித்துவிட்டுப் போனது. பேரூராட்சிக் கான்டிராக்டர் புழுதிப் பாதையில் ஜல்லி கொட்டித் தார் ஊற்றினான். காலையில் பார்த்தால் பழையபடி புழுதி. மறுபடி ஊற்றினான், மறுபடி புழுதி. இப்படியே ஊற்றி ஊற்றி பில் போட்டவனை நிறுத்தச் சொல்லி நிர்வாக அதிகாரியே கடைசியில் நேரில் வர வேண்டியதாயிற்று. ஜமாத்தில் கூடிப் பேசினார்கள். ராவுத்தர் எல்லையை விட்டுப் பள்ளிவாசலுக்கு வர முடியாது, ஆகவே வெள்ளிக்கிழமை பொட்டலில் பாய் விரித்து நாலு பேர் அவர் பக்கத்தில் போய் நின்று தொழுதால் குற்றமில்லை என்று முடிவானது. மண்டபத்துக்காரன் முனகிக்கொண்டே கார்களைத் தள்ளி நிறுத்தினான். அவனே பிறகு கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்களிடம், "எங்க மண்டபத்துல ராவுத்தரும் இருக்காவ" என்று கூட்டிச் சொல்லத் தொடங்கினான்.

ஆசாரியின் கொள்ளுப் பேத்தி தென்காசியிலிருந்து வந்தாள். வீட்டில் புதைத்ததாகச் சொல்லப்படுகிற தங்கத்தைப் பற்றிக் கேட்டாள். ஆசாரி நிதானமாகக் கேட்டுக்கொண்டு, "இந்தச் செவத்துல பாதி என்னுது, பாதி இவுகளுது. அதுதான் எனக்குத் தெரியும்" என்றார். அவள் அழுதுவிட்டு, அவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போட்டோவில் அவர் நன்றாகவே விழுந்திருந்தார்.

மாடத்தி கதைதான் வேறு. கோனாரின் மகள் அவள். தொழுவம் இருந்த இடத்தில்தான் அவள் வீடு. பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் சந்து. அப்பன் செத்தபோது அவளுக்குப் பாவாடை நழுவுகிற வயது. இப்போது அவளுக்குத் தலை முழுக்க வெள்ளை, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற அப்பனுக்கு மீசை முழுக்கக் கறுப்பு.

"ஐயா, என்னைத் தெரியுதா?"

"மாடத்தி."

"எப்படித் தெரியும்? நான்தான் கெழவி ஆயிட்டேனே."

"முன்ன மாதிரியேதான் மூக்க உறிஞ்சுதே."

அன்றிலிருந்து அவள் அந்த ஜன்னலை மூடவில்லை. கருப்பட்டிக் காப்பியைத் தம்ளரில் நீட்டுவாள், அவர் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பார். அவள் கல்யாணம், புருஷன் போனது, மகன் சுயம்பு படிக்காமல் சுற்றுவது, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் தன் எல்லையைத் தவிர எதைப் பற்றியும் கருத்துச் சொல்வதில்லை. கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொள்கிற அப்பன் எத்தனை பேருக்கு இருந்தான்?

பவுனு மூன்று பேருக்கும் சோறு போட்டாள். கடன்காரி வீட்டுச் சோறு என்று அவர்கள் ஒதுக்கவில்லை. சாப்பிட்டார்கள்.

வெளியூர் ஆட்கள் பார்க்க வந்தார்கள். சுண்டல்காரன் வந்தான், இளநீர்க்காரன் வந்தான். வந்தவர்கள் மிளகாய் அரைத்துக்கொண்டு போனார்களா என்றால், இல்லை. பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஊருக்கு வேறு புத்தி வந்தது. செத்தவர்களைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என் அச்சாபீஸ் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அரிசி மண்டி ராஜபாண்டி தன் வீடே ஏலத்துக்கு வருவதாகக் காசு கொடுத்து ஒரு பொய் அறிவிப்புப் போடச் சொன்னான், வடக்கெல்லையில் அவன் அண்ணன் பேர் இருந்தது. போட்டேன். யாரும் வரவில்லை. பொய்க்கு அவர்கள் வரமாட்டார்கள். உண்மையிலேயே ஒரு வீடு போக வேண்டும். அதிலும், தன் வீடு போனால் பக்கத்து வீட்டுச் செத்தவர்தான் வருவார், தன் வீட்டுச் செத்தவர் வர வேண்டுமென்றால் பக்கத்து வீடு போக வேண்டும். இதை ஊர் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்ற சங்கரலிங்கம், பொண்டாட்டி நீலாவதியைப் பறிகொடுத்தவர், வீடு நீலாவதி பேரில் இருந்தது. ஒருநாள் காலை பக்கத்து வீட்டுக்காரனிடம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி, லோனெல்லாம் ஒழுங்காக் கட்டுதீயளா?" என்று கேட்டார். அவன் கட்டுகிறேன் என்றான். அப்படியா என்று முகம் வாடி உள்ளே போனார்.

இனிதான் விஷயம்.

அறிவிப்பு வருவதற்கு முன்பே மாடத்தி பவுனுவுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள். தன் வயலை ஒத்திக்கு வைத்துப் பணம் தருகிறேன், நீ பேங்குக்குக் கட்டு, உனக்கு முடிகிறபோது எனக்குத் திருப்பிக் கொடு என்று. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒருத்தி பிரசவத்துக்கு மற்றவள் வெந்நீர் வைத்தவள். வார்த்தை பெரிய வார்த்தைதான். பவுனு அதை நம்பித்தான் தெம்பாக இருந்தாள்.

பேங்க் ஆபீசர் வந்தார். தர்மபுரிப் பக்கத்துப் பையன், நல்ல பையன், யாரையும் ஒருமையில் பேசமாட்டார். ஆசாரியைப் பார்த்துத் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். பவுனுவிடம், "ஏலத்துக்கு முன்னால கட்டிட்டீங்கன்னா ஒண்ணும் இல்லம்மா. அதே பேப்பர்லயே ரத்து அறிவிப்பு போட்டுருவோம்" என்றார்.

இந்தப் பேச்சு தெரு முனைக்குப் போவதற்குள் ஊர் கணக்குப் போட்டுவிட்டது. அறிவிப்புக்கு வந்தவர்கள் ரத்து அறிவிப்புக்குப் போய்விடுவார்கள். அன்றே ஜமாத்தில் இருந்து இரண்டு பேரும், இளநீர்க்காரனும், மண்டபத்துக்காரனும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள்.

"அண்ணாச்சி, ரத்து வந்தா போடாதீய."

"காசு கொடுத்தா போடுவேன்."

"நாங்க கூடத் தாரோம்."

"வெளிய போங்கவே" என்றேன். போனார்கள். ஆனால் போட வேண்டிய ரத்து வரவே இல்லை.

ஏனென்றால் பவுனு மாடத்தியைத் தேடிப் போனபோது மாடத்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இசக்கிமுத்து வாசலிலேயே நின்றுவிட்டான். நான் ஏன் அங்கே இருந்தேன் என்றால், பவுனுதான், பெரிய மனுசன் ஒருத்தர் கூட இருந்தால் நல்லது என்று கூப்பிட்டிருந்தாள். நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. இருந்தேன்.

"அக்கா, ஒத்தி விசயம்..." என்று இழுத்தாள் பவுனு.

ஜன்னலுக்கு வெளியே கோனார் தம்ளரைக் கவிழ்த்து மிச்சச் சொட்டை உதறிக்கொண்டிருந்தார்.

"ஆபீசர் சொன்ன தேதி கிட்ட வந்துட்டுக்கா."

"ஏட்டி பவுனு" என்றாள் மாடத்தி. "நீ கட்டிட்டா இவுக போயிருவாகளாமே."

பவுனு நின்றாள். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. சட்டென்று புரிந்துகொள்கிறவள்தான். சண்டை போடுவாள் என்று நான் நினைத்தேன். மாடத்தியும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள், திட்டு வாங்கினால் மனசு ஆறிவிடும் என்று. பவுனு ஜன்னலைப் பார்த்தாள். தம்ளரைப் பார்த்தாள்.

"எங்கம்மா நின்னிருந்தா நானும் தரமாட்டேன்க்கா" என்றாள். வெளியே வந்துவிட்டாள்.

இசக்கிமுத்து, "என்னட்டி, நாலு கேள்வி கேக்காம வந்துட்டே?" என்றான்.

"என்னத்தக் கேக்க?"

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டார்கள். தெரு முழுக்க நல்லவர்கள். எல்லாரும் காப்பி கொடுத்தார்கள். எல்லாரும் வருத்தப்பட்டார்கள். ஒவ்வொருவரும் வருத்தப்பட்டுக்கொண்டே பொட்டலைப் பார்த்தார்கள், சந்துப் பக்கம் பார்த்தார்கள், வடக்குச் சுவரைப் பார்த்தார்கள்.

பவுனுவுக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. எல்லையில் தகராறு இருந்தால் அந்தச் சொத்தை எவனும் வாங்கமாட்டான். வாங்க ஆளில்லை என்றால் ஏலம் தள்ளிப் போகும். தள்ளிப் போனால், பார்க்கலாம். ஏலம் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். சுத்தியல் தட்டுகிறவனும் இல்லை, கூட்டமும் இல்லை, எந்த ஊர்க்காரன் எங்கே உட்கார்ந்து கேட்கிறான் என்றே தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் சொத்தைப் பார்வையிட ஒரு நாள் விடுவார்கள். அன்றைக்கு ஆபீசரோடு கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் காரில் வந்து, புழுதிப் பாதையில் இறங்கி, பேன்ட்டைத் தட்டிக்கொண்டார்.

அதற்குச் சற்று முன் பவுனு ஆசாரியின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒங்களுக்குச் சோறு போட்டேன்."

"போட்டே."

"இந்தச் செவரு முழுக்க ஒங்களுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். அதுக்கு மேல நான் பாத்துக்கிடுதேன்."

ஆசாரி காதிலிருந்து பென்சிலை எடுத்தார், பார்த்தார், மறுபடி சொருகினார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். "உசுரோட இருக்கையில சொல்லியிருப்பேன் தாயி" என்றார். "இப்ப வாய் வராது."

வரவில்லை. ஆபீசர் ஒவ்வொருவராகக் கேட்டார். வடக்கில் பாதிச் சுவர் வரை இவர்களுடையது என்று ஆசாரி சொன்னார். முருங்கை நின்ற கோட்டுக்குக் கிழக்கே தனக்கு ஒரு பாத்தியமும் இல்லை என்று ராவுத்தர் சொன்னார். கோனார் குனிந்து, தொழுவத்து முளைக்குச்சி அடித்திருந்த இடத்தைப் பெருவிரலால் கீறிக் காட்டி, "இது வரைக்கும் இவுகளுது" என்றார். தெரு தன் பங்குக்குக் கிடந்தது.

கோயம்புத்தூர்க்காரர் சந்தோஷப்பட்டார். எத்தனையோ ஊரில் ஏலத்தில் சொத்து எடுத்திருக்கிறேன், நான்கெல்லையும் நேரில் வந்து சாட்சி சொன்ன சொத்து இதுதான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எடுத்துவிட்டார்.

சாவி கொடுக்கிற அன்று தெருவே கூடியிருந்தது. பவுனு வீட்டைக் கூட்டிவிட்டுத்தான் வெளியே வந்தாள். போகிற வீட்டை எதற்குக் கூட்டுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இசக்கிமுத்து மிஷினின் பெல்ட்டை மட்டும் கழற்றித் தோளில் போட்டிருந்தான். அதை வைத்து என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. ஆபீசர் பூட்டுப் போட்டு, அரக்கு வைத்து, சாவியை அந்த ஆள் கையில் கொடுத்தார்.

கொடுத்ததும் ஆசாரி குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். ராவுத்தர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். கோனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஐயா, எங்க போறீய?" என்றாள் மாடத்தி ஜன்னலுக்குள்ளிருந்து.

"சோலி முடிஞ்சுதுல்லா."

"கடனை அடைச்சாத்தானே போவீய? வித்தா இருப்பீயன்னுல்லா நெனச்சேன்."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஊரே சேர்ந்து போட்ட கணக்கு அது, அவர்களிடம் ஒருத்தன் கேட்கவில்லை. எல்லை காட்ட வந்தார்கள், காட்டினார்கள், போனார்கள். போன திசையை எல்லாரும் பார்த்தோம். ஆனால் எந்தத் திசை என்று இன்றுவரை இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தால் தார் ரோடு. கான்டிராக்டர் ஊற்றிய அத்தனை தாரும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கெட்டித்து, அந்த இடம் மட்டும் மேடாகிக் கிடந்தது. பஸ் இப்போது அங்கே ஏறி இறங்குகிறது.

பவுனுவும் இசக்கிமுத்துவும் திருப்பூருக்குப் போனார்கள், பனியன் கம்பெனிக்கு. கோயம்புத்தூர்க்காரர் மில்லை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, விலை ஏறட்டும் என்று முள்கம்பி போட்டுப் போய்விட்டார். வேலிக்குள் எருக்கு முளைத்தது. இளநீர்க்காரன் வேறு ஊருக்குப் போனான். மாடத்தி ஜன்னலை மூடினாள்.

மாடத்தியின் மகன் சுயம்பு, செத்தவர்களைப் பார்க்க வருகிற கூட்டத்தை ஜங்ஷனிலிருந்து ஏற்றி வர ஒரு வேன் வாங்கியிருந்தான். அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்து, பேங்கில் வீட்டை ஈடு வைத்து முன்பணம் கட்டி, மிச்சத்துக்கு ஃபைனான்ஸில் வாங்கிய வேன். கூட்டம் எப்போதும் வரும் என்று நம்பினான். எல்லாரும்தான் நம்பினோம். வேன் கொஞ்ச நாள் வெறுமனே ஓடியது, கொஞ்ச நாள் வெறுமனே நின்றது, பிறகு ஃபைனான்ஸ்காரன் அதை ஓட்டிக்கொண்டு போனான். வயலும் அதன் பின்னால் போனது.

அப்புறம் ஒருநாள் அறிவிப்பு என் மேஜைக்கு வந்தது. பொதுமக்களுக்கும் குறிப்பாகக் கடன்தாரருக்கும் இதன்மூலம் அறிவிப்பது யாதெனில். உள்ளது உள்ளபடி. இருப்பது இருந்தபடி. மாடத்தி வீட்டுப் பத்திரம் சமீபத்தில் அவள் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்தபோது எழுதியது. மூன்று பக்கம் ரோடும் பள்ளிக்கூடத்துச் சுவரும் வாய்க்காலும். கூப்பிட ஆளில்லை. நாலாவது பக்கம் இப்படி இருந்தது: 'பவுனம்மாள் மாவு மில்லுக்குத் தெற்கு.'

அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு பேங்க் வக்கீலுக்குப் புரூஃப் அனுப்பினேன். வக்கீலிடமிருந்து திரும்பி வந்தது, சிவப்பு மையில் சுழித்து. இல்லாத மில்லை எதற்குப் போட வேண்டும் என்று போனில் கேட்டேன். பத்திரத்தில் இருக்கிறதே என்றார். நான் போடாவிட்டால் தென்காசியில் ஒருத்தன் இருக்கிறான், அவன் பத்திரிகையையும் யாரும் வாசிப்பதில்லை. போட்டேன்.

போன தடவை மூன்று பேரும் விடியும்போதே வந்து நின்றார்கள். பவுனு மத்தியானம்தான் வந்தாள். உயிரோடிருப்பவள், பஸ்ஸில்தான் வர முடியும், டிக்கெட்டுக்கும் அவளேதான் காசு கொடுக்க வேண்டும். கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, நேரே நடந்து வந்து, முள்கம்பிக்கும் மாடத்தி வீட்டுச் சுவருக்கும் நடுவில், கோனார் பெருவிரலால் கீறிய கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். சுவர் இல்லை, மில் இல்லை. எல்லை மட்டும் இருந்தது. அதில் இவள்.

ஜன்னல் திறந்தது.

"ஏட்டி, நீ எதுக்கு வந்தே?"

"பேரு போட்டிருக்காவளாம்லா. மிஷின்ல உக்காந்திருந்தேன், எந்திரிச்சு வந்துட்டேன். நிக்க முடியலைக்கா அங்க."

"நீ சாகலையே."

"அதான் பஸ்ஸுல வந்தேன்."

ஊர் இந்தத் தடவை வேடிக்கை பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தது. யார் யார் வீட்டுப் பத்திரத்தில் யார் யார் பேர் இருக்கிறது என்று ஒவ்வொருத்தனும் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தான். சங்கரலிங்கம் மட்டும் ஒரு குடை கொண்டுவந்து பவுனுவிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். இசக்கிமுத்து போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "எப்ப வருவே?" "தெரியலை." "கம்பெனில பேர அடிச்சிருவானுவ." "தெரியும்." "வாயேன்." "கால் வரலைங்கேன்லா."

பார்வையிடுகிற நாள் வந்தது. அதே ஆபீசர்தான், கொஞ்சம் இளைத்திருந்தார். பவுனுவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சுற்றி முன்வாசலுக்குப் போன நேரத்தில் மாடத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"நீ உசுரோடதானே இருக்கே. ஒனக்குப் பொய் வரும்லா?"

"வரும்னுதான் நெனைக்கேன்."

"ஒரு முழம் கூடச் சொல்லு. தகராறுன்னு எழுதிக்கிடட்டும். எனக்குக் கேக்க யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேக்கேன்."

"சொல்லுதேன்க்கா" என்றாள் பவுனு. மனசாரத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஆபீசர் வந்தார். கூட இரண்டு பேர். "இந்தப் பக்கம் எல்லை எதுவரைக்கும்மா?" என்றார்.

பவுனு வாயைத் திறந்தாள். அவள் ஒன்றைச் சொல்லப் பார்க்கிறாள், வேறொன்று அவளைச் சொல்லப் பார்க்கிறது.

"எங்க செவருக்குத் தெக்க எல்லாம் மாடத்தியக்காவுக்கு" என்றாள். குனிந்து, இல்லாத சுவரைக் கையால் தடவிக் காட்டினாள்.

அவர்கள் குறித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு உள்ளே தம்ளர் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகக் காப்பி வந்தது, கருப்பட்டிக் காப்பி, கோனார் குடித்த அதே தம்ளர். பவுனு வாங்கி ஊதினாள்.

"வித்ததும் நீயும் போயிருவே" என்றாள் மாடத்தி.

"போயிருவேன்க்கா."

"எங்கய்யா சொல்லாமலே போயிட்டாக. ஒங்கிட்டக் கேக்கேன். வித்த பொறவு எங்கன போறது?"

பவுனு காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து உதறி, ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"திருப்பூருக்கு அஞ்சரைக்கு ஒரு பஸ்ஸு உண்டும்க்கா" என்றாள். "சன்னல் ஓரம் உக்காராதீய. குளுரும்."